ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிய கதை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி ஒடிந்து, கடையில் காத்திருந்தேன். ஃபிரேமை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா போனில் யாரிடமோ, "ஸ்டீயரிங்க வலது பக்கம் மாத்திட்டேன். இப்ப பஸ்ஸோட கூரையக் காணோம்" என்றார். என் கண்ணாடி தயாராகி அரைமணி நேரம் ஆன பிறகும் நான் அங்கிருந்து நகரவில்லை. காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அவருடைய வலது கண்ணில் மெல்ல மெல்ல ஒரு மங்கல்—"

வேண்டாம். இரண்டாம் பத்தியிலேயே கைக்குட்டை தேடுவீர்கள்.

இரண்டாவது: "இருபத்தாறு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிய அந்த—"

இது வழியனுப்பு விழாவில் வாசிக்கிற மடல்.

சரி, நேராகவே சொல்கிறேன். கண்ணாடிக்கடை அக்காவின் கணவர் பஸ் டிரைவர். வலது கண் பார்வை குறைந்ததால் இனி ஓட்டக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதும் மேசை வேலை. பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வேலையும் கிடையாது.

"ஓட்டுனவன் உக்காந்து, அடுத்தவன் ஓட்டிட்டுப் போறதப் பாத்து எழுதணுமா? போகமாட்டேன்" என்றார் டிரைவர். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை.

3

வீட்டுக் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் சேர்த்துக்கொள்ள ரசிகர்கள் தாங்களே வண்டி செய்து இலவசமாக விடுவார்கள். அதற்கு மோட் என்று பெயர். டிரைவரின் வண்டியைப் போலவே அச்சு அசலாக ஒன்று கிடைத்தது. ஆனால் ஸ்டீயரிங் இடப்பக்கம். இரண்டு நிமிடம் ஓட்டினார். "இது என் வண்டி இல்ல" என்று எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஃபிரேம் அரை மில்லிமீட்டர் கோணினாலும் சோறு இறங்காத ஆள் அக்கா. விடுவாரா? மூட்டை கட்டியிருந்த மோட் கோப்பை ஒரு சின்ன மென்பொருளால் அவிழ்த்தார். உள்ளே பஸ் துண்டு துண்டாக, மீன்வலை மாதிரி கோடுகளாகக் கிடந்தது. அந்த வலைகளை மாடலிங் மென்பொருளில் திறந்தார்.

[மோட் செய்த புண்ணியவான், "மாற்றி வெளியிடாதீர்கள்" என்று எழுதிவைத்திருந்தார். அக்கா எங்கும் வெளியிடவில்லை. அக்காவைக் கேட்காமல் இந்தக் கதையை வெளியிடுவது நான்தான். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.]

ஒரே கட்டளையில் மொத்த பஸ்ஸையும் இடம் வலமாகப் புரட்டினார். ஸ்டீயரிங் வலப்பக்கம் வந்தது. ஊர்ப்பலகை எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக்கொண்டது. கூரை, டேஷ்போர்டு, இருக்கை எதையும் காணோம். விஷயம் இதுதான்: அந்த வலையின் ஒவ்வொரு பரப்பும் முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. புரட்டியதில் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அக்கா டிரைவர் சீட்டிலிருந்து தெரியும் காட்சியை வைத்துக்கொண்டு, எதெது காணவில்லையோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைக்குப் போய் வந்து, ஒரு வாரம்.

4

இந்த இடத்தில் அக்கா மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பஸ்ஸை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அந்த மனிதர் எதற்கு வெளியே போகப்போகிறார்? கதைக்குள் தலையை நீட்டிக் கேட்டேவிட்டேன்.

"நீங்க எழுதுறவங்க" என்றார் அக்கா, மவுஸை விடாமல். "பேசாத ஆளோட ஒரே வீட்ல ஒரு வாரம் இருந்து பாத்திருக்கீங்களா?"

தலையை இழுத்துக்கொண்டேன்.

5

ஞாயிறு மதியம்.

"என்னங்க, ஒரு தடவ வந்து உக்காருங்க."

வந்தார். உட்கார்ந்தார். குனிந்து திரையில் எதையோ தேடினார்.

"நம்ம வண்டில கியர் ராடு லேசா வளைஞ்சிருக்கும்."

"வளைச்சிருக்கேன், பாருங்க."

ஓட்டினார். மூன்று நிறுத்தம் போனது. திருப்பத்தில் ஹார்ன் அடிக்கப் போய், வேறு பொத்தானை அழுத்திவிட்டார். காட்சி பஸ்ஸுக்கு வெளியே போனது.

பஸ் இல்லை. சாலைக்கு மூன்றடி மேலே, நிறுத்தங்களில் ஏறிய பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவர் மும்முரமாக ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. வெளிப்பக்கத் துண்டு ஒன்றைக்கூட, டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருந்த இருக்கைகளைக்கூட அவர் திருப்பவில்லை. டிரைவர் உட்காரப்போவது சீட்டில், அவர் எங்கே வெளியே நின்று பார்க்கப்போகிறார் என்று தோன்றியதால், அக்காவும் வெளியே நின்று பார்க்கவில்லை.

"கடைசி வரிசைல ஒரு அம்மா பையோட காத்துல உக்காந்திருக்காங்க, பாரு" என்றார் டிரைவர். சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சீட்ட விட்டு எறங்கிட்டா வண்டியே இல்லன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். நீ அதையே செஞ்சு வச்சிருக்க."

"தெரியாமப் பண்ணிட்டேங்க."

"வெளிப்பக்கம் போட எவ்வளவு நேரமாகும்?"

"இருநூறு துண்டுக்கு மேல இருக்கு. நாளைக்கு லீவு போட்டா, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"அப்ப நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிரு."

[மென்பொருள் தெரிந்தவர்களே, எல்லாத் துண்டையும் ஒரே பொத்தானில் திருப்பலாம் என்று எனக்கும் தெரியும். சாயங்காலம்வரை அக்காவிடம் மூச்சு விடாதீர்கள்.]

6

மூன்று முடிவு வைத்திருந்தேன். போகிறார். போகவில்லை. போகிறேன் என்று கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் நின்றுவிட்டு— மூன்றையும் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத் திங்கட்கிழமை மறக்கிற ஆள் அவர். எனக்குத் தெரியும், அப்படித்தான் அவரைச் செய்தேன். அக்காவுக்கும் தெரியும். இருந்தும் அவர் கடைக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, முன் பம்பரிலிருந்து திருப்பத் தொடங்கிவிட்டார்.

திங்கட்கிழமையை நான் எழுதப்போவதில்லை. ஐந்தரைக்கு அலாரம் அடிக்கிறது. அக்கா எழுப்பமாட்டார், அவராகவே எழட்டும் என்று உறுதியாக இருக்கிறார். டிரைவர் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறார்.

பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஏதாவது சொல்லுங்கள்.