நகத்தில் நின்ற சொட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனியம்மாளை ஏமாற்றித் தண்ணீர்ப் பாலை விற்றுவிட்டுப் போக எந்தப் பால்காரனாலும் முடிந்ததில்லை. குடும்பத்துக்குப் பால்கோவா கடை. கூமாப்பட்டிக் கேனானாலும் சரி, சுந்தரபாண்டியத்துக் கேனானாலும் சரி, பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுக் கையைச் சாய்ப்பாள். நின்றால் பால் அடுப்புக்குப் போகும். ஓடினால் கேன் வந்த வழியே திரும்பும். அதே நகத்தை மருமகள் பாண்டிசெல்வியிடமும் நீட்டினாளே, அதுதான் கொடுமை.

பாண்டிசெல்விக்கு ராஜபாளையம். அம்மா மில் வேலைக்குப் போகிறவள் என்பதால், பிரசவமாகி முப்பது நாள் கழிந்ததுமே பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்கு எடை ஏறவில்லை, அழுகைதான் ஏறியது. மாமியார் கேட்டதால் கூசிக் குறுகி ஒரு சொட்டுப் பிழிந்தாள். நீலம் பாய்ந்த அந்தச் சொட்டு நகத்தில் நிற்காமல் ஓடியது.

“தண்ணியால்ல இருக்கு. இதக் குடிச்சு பிள்ள எப்படித் தேறும்? நாளையிலருந்து டின் பாலக் குடுட்டி.”

டின்னும் வந்து இறங்கியது. புருஷன் மாரீஸ்வரன்தான் வாங்கி வந்தான். பாண்டிசெல்விக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிடப் பயம்தான் பெரிது. பிள்ளை புட்டிக்குப் பழகிவிட்டால் தன்னிடம் வரமாட்டான், பால் வற்றிவிடும்.

அன்று மத்தியானம், வீடு வீடாகப் பச்சைப்பிள்ளைகளைப் பார்த்துவரும் நர்ஸ் ஷெரின் வந்தாள். பாண்டிசெல்வி அழுதேவிட்டாள். ஒரு பக்கம் எவ்வளவு நேரம் கொடுக்கிறாய் என்று ஷெரின் விசாரித்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் சப்பாமல் இருந்தாலே, அங்கே என்ன இருக்கப்போகிறது என்று அத்தை அதட்டுகிறாள், உடனே மறுபக்கம் மாற்றிவிடுகிறேன் என்றாள் இவள்.

“அதான் தப்பு. முதல்ல வாரது தண்ணியாத்தான் இருக்கும், அது தாகத்துக்கு. குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு கூடும். அவனா வாயை எடுக்கிற வரைக்கும் மாத்தாத, செல்வி.”

பிள்ளை வாய் நிறையப் பிடிக்கும்படி தலையைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பாண்டிசெல்வி பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். கடையிலிருந்து கூப்பிட்டார்கள், அசையவில்லை. பிள்ளை நிறுத்தினான், பெருமூச்சு விட்டான், மறுபடி குடித்தான். கடைசியில் மூடிய விரல்கள் தளர, தானே வாயை எடுத்தான். அவள் மாமியாரைக் கூப்பிட்டாள்.

“அத்தை, நகத்தக் காட்டுங்க.”

உத்தரவு போட்ட மாதிரிதான் இருந்தது. சீனியம்மாள் கையை நீட்டினாள். வெண்ணெய் நிறத்தில் சொட்டு விழுந்தது. சாய்த்தாள், நின்றது. இன்னும் சாய்த்தாள், அப்போதும் நின்றது. எத்தனையோ கேன்களைத் திருப்பியனுப்பிய மனுஷி, உடைக்காத டின்னை எடுத்துக்கொண்டு, மருந்துக் கடைக்கு அவளே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த மாதத் தடுப்பூசி நாளில் பிள்ளையை எடை போட்டார்கள். தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாகச் சதை. எடையைப் பார்த்து ஷெரின் வாய்விட்டுச் சிரித்தாள். வரிசையில் நின்றிருந்த ஒருத்தி, என்ன டின் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பாண்டிசெல்வி வாயைத் திறக்குமுன் சீனியம்மாள் முந்திக்கொண்டாள்.

“எம் மருமக பாலு மட்டுந்தான். வேற ஒண்ணுஞ் சேக்கல.”

பாண்டிசெல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.