இறுக்கமாக மூடவும்

அக்கா தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து குறடு ஒன்றை எடுத்தாள். கம்பி வளைக்க, ஆணி பிடுங்க வைத்திருக்கிற குறடு. இடது கையில் களிம்பு ட்யூபைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த குறட்டால் அதன் மூடியைக் கவ்வி, உதட்டைக் கடித்தபடி திருகினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மூடி இறுகியதால் வந்த சத்தம் என்று நினைத்துவிட்டாள். அது மரை தாண்டிய சத்தம். மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் அந்தச் சாய்வின் வழியாகக் களிம்பு வெளியே வரும்.

"என்னக்கா இது, ஒரு மூடிய மூட கொறடா?"

"கையால மூடினா கசியுதுடி. போன மாசம் ஒரு பட்டுச் சட்டை, இன்னொருத்தங்களோடது, முதுகுல பூரா எண்ணெய்க் கறை. அந்தம்மா அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல."

அக்காவின் உள்ளங்கை வெடித்து வெடித்துக் கிடக்கும். பல வருடமாக அப்படித்தான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை களிம்பு போட வேண்டும், போட்டுவிட்டுத் துடைக்க வேண்டும், துடைத்த பிறகுதான் துணியைத் தொட வேண்டும். ட்யூப் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் ஊரார் துணி.

கூடத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். அக்கா கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வங்கியில் வேலை. கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வார்.

"உங்க அக்காவுக்கு ஊசிக் காதுல நூல் கோக்கத் தெரியும். மூடிய மூடத் தெரியாது. நான் சொன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வருது. இப்ப கம்பெனிக்காரனே லெட்டர் போட்டுட்டான், என்ன பண்ணுவா?"

அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் அளவு எழுதும் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். களிம்புக் கம்பெனியின் தாள். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். அன்புகூர்ந்து மூடியை முழுவதுமாகவும் மிக இறுக்கமாகவும் மூடவும். அவ்வாறு மூடினால் கசிவு ஏற்படாது.'

எங்கள் அலுவலகத்தில் 'அன்புகூர்ந்து' என்று எழுதுகிற ஒரே ஆள் நான்தான்.

களிம்பு தயாரிப்பது ஒரு கம்பெனி. அவர்களுக்கு ட்யூபும் மூடியும் செய்து கொடுப்பது நான் வேலை பார்க்கிற கம்பெனி. ட்யூபில் எங்கள் பெயர் இருக்காது. அங்கே வருகிற புகார்களை அவர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள், நாங்கள் பதில் எழுதிக் கொடுப்போம், அவர்கள் தங்கள் தாளில் அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிலை ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால் பத்து நிமிடத்தில் எழுதினேன். அந்த மூடியை வடிவமைத்ததும் நான்தான். அக்காவுக்கு நான் ஏதோ பிளாஸ்டிக் கம்பெனியில் படம் வரைகிறேன் என்பதுவரை தெரியும்.

"டீ ஆறுது, குடி," என்றாள். குடித்தேன். அந்த ட்யூபை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா" என்றேன்.

பஸ்ஸில் முதலில் எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. கடிதத்தில் எழுதினால் நம்பிவிடுவதா? குறடு எடுக்கிற அளவுக்கா ஒருத்தி போவாள்? அடுத்து மாமா மேல். அந்தச் சிரிப்பு மேல். என் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில்தான் அந்தக் கோபம் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அந்த ட்யூபை என் மேஜையில் வைத்து, தலையிலிருந்து நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். மூடியின் வெளிப்புற வரிகளில் குறட்டின் பல் பதிந்திருந்தது. அந்த வரிகள் முப்பத்தாறு. ஈரக் கைக்கு வழுக்கக் கூடாது என்று எண்ணி எண்ணி வரைந்தவை. உள்ளே நடுவில் ஒன்றுமே இல்லை. தட்டை. அங்கே நான் வரைந்திருந்தது ஒரு சிறு முளை. மூடியைத் திருகும்போது அந்த முளை ட்யூபின் வாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். விரல் நுனியால் திருகினாலே போதும், குழந்தைகூட மூடலாம். முளை இல்லாவிட்டால் மூடியின் தட்டையான அடி ட்யூபின் வாய் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இறுக்கினால் மிருதுவான ட்யூபின் தோள் அமுங்கும். இன்னும் இறுக்கினால் மரை தாண்டும். இறுக்க இறுக்கக் கசியும்.

முளை கொஞ்சம் தடிமன். அச்சுக்குள் அது ஆறுவதற்கு மூன்று விநாடி அதிகம் பிடிக்கும். அந்த மூன்று விநாடிக்காக மேலாளர் அதை எடுத்துவிடச் சொன்னார். நான் எதிர்த்தேன் என்றுதான் இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கவில்லை. "கசியலாம் சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். "கசியலாம்னா, கசியாமலும் இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மாற்றிய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியக் கூட்டத்தில் மேலாளர் ஒரு அட்டையைக் காட்டினார். இனி ஒவ்வொரு ட்யூப் பெட்டிக்குள்ளும் போகப்போகிற அட்டை. என் வாக்கியம்தான், பெரிய எழுத்தில். பக்கத்தில் மூடியைத் திருகுகிற ஒரு கை. மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது.

"ஜனங்களுக்கு மூடத் தெரியல. நாமதான் சொல்லிக்கொடுக்கணும். நீங்க சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."

"அவங்களுக்கு மூடத் தெரியும் சார். நமக்குத்தான் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் அட்டையை மேஜை மேல் வைத்தார்.

"வரைபடத்துல இருக்கிறது யாரோட கையெழுத்து?"

"என்னோடது."

"அப்புறம் என்ன?"

எனக்குக் காது மடல் சுட்டது. அந்த ஆள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. அட்டையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து அச்சுக்கூடத்துக்குப் போனேன்.

அச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மைக்ரான் என்று பெயர் வைத்திருந்தோம். வீட்டில் தோசைக்கல்லைக்கூட மைக்ரோமீட்டர் வைத்து அளந்துதான் வாங்கியிருப்பார் என்று சொல்வார்கள். அச்சில் மூடியின் உட்புறத்தை உண்டாக்குவது எஃகுப் பின்கள். பின்னின் நுனியில் குழி இருந்தால் மூடியில் முளை வரும். நுனி தட்டையாக இருந்தால் வராது. குழி உள்ள பழைய பின்களைத் தூக்கி எறியச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

"எறிஞ்சுட்டீங்களா அண்ணா?"

"எறிவேனா? ஒவ்வொண்ணும் நாலு நாள் வேலை." அலமாரியைத் திறந்து எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த பின்களை எடுத்து வைத்தார். "நாளைக்கு அச்சைக் கழுவறதுக்கு இறக்கறேன். திரும்ப ஏத்தறப்போ இதப் போட்டு ஐந்நூறு மூடி அடிச்சுடலாம். யாராவது கேட்டா என்ன சொல்ல?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"உங்களுக்கு மரை கழண்டுடுச்சுன்னு சொல்லிடறேன். அதுதான் எல்லாரும் நம்புவாங்க."

முளை வைத்த மூடியோடு நூறு ட்யூப், முளை இல்லாத மூடியோடு நூறு ட்யூப். எல்லாவற்றையும் கையால்தான் மூடினோம். படுக்க வைத்து, மேலே எடை ஏற்றி இரண்டு நாள் விட்டோம். முளை இல்லாததில் முப்பத்தொன்று கசிந்திருந்தன. முளை வைத்ததில் ஒன்றுகூட இல்லை. தாளில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"நல்லா இருக்கு. இந்த ஆர்டர் முடியட்டும். அடுத்ததுல பார்க்கலாம்."

"இந்த ஆர்டர்ல இன்னும் ஆறு லட்சம் மூடி இருக்கு சார்."

"ஆறு லட்சம் பேரும் புகார் எழுதப் போறதில்ல."

புகார் எழுதியவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களுடைய முகவரிகள் என் கோப்பில் இருந்தன. முதல் பத்துப் பேருக்கு மேல் நான் படித்ததே இல்லை. கட்டாக வரும், கட்டாகப் பதில் போகும். அன்று எல்லாவற்றையும் படித்தேன். 'தவறு என் மீதும் இருக்கலாம்' என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். இருபத்தேழாவது அக்காவின் கடிதம். துணிக்கு அளவு எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து. 'எனக்குக் கையில் வலு குறைவு, அதனாலும் இருக்கலாம்.' பத்து மாதமாக அது என் மேஜையில்தான் இருந்திருக்கிறது.

நாற்பத்து மூன்று பேருக்கும் என் கையால் எழுதினேன். 'சென்ற முறை உங்களுக்கு வந்த பதிலை எழுதியவள் நான். அது தவறு. நீங்கள் மூடியைச் சரியாகத்தான் மூடினீர்கள். மூடிதான் சரியில்லை. அதை வடிவமைத்தவளும் நான். இனி இறுக்க வேண்டாம். இறுக்கினால் இன்னும் கசியும். உங்களுக்கு மூடத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.' கீழே பெயர், கம்பெனி, கைபேசி எண். அக்காவுடையதையும் தபாலில்தான் போட்டேன். நேரில் போய்ச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். கடிதம் வந்தது என்றார். "விரல்ல பலம் போயிடுச்சுன்னு நெனச்சு டாக்டர்கிட்ட போனேம்மா. நரம்புல ஊசி குத்திப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க. அப்பவும் நான் நம்பல." அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

நான்காம் நாள் மேலாளர் கூப்பிட்டார். கடிதம் பெற்ற யாரோ அதைக் களிம்புக் கம்பெனிக்கே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சரக்கை எடுப்பதை நிறுத்திவிட்டு, சோதனை முடிவைக் கேட்டிருந்தார்கள். மேலாளரின் மேஜை மேல் என் கடிதத்தின் நகல் இருந்தது.

"கம்பெனி பேரைப் போட்டு எழுதற அதிகாரத்த உங்களுக்கு யாரு கொடுத்தது?"

"முதல் லெட்டர் எழுதறப்போ நீங்க கேக்கல சார், அந்த அதிகாரம் யாரு கொடுத்ததுன்னு."

அடுத்த வாரம் முடிவு சொல்வதாகவும், அதுவரை வர வேண்டாம் என்றும் சொன்னார். வெளியே வரும்போது அச்சுக்கூடத்தில் இயந்திரம் ஓடவில்லை. மைக்ரான் குழி உள்ள பழைய பின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பக்கத்தில் மேலாளரின் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "வா" என்று ஒரு வார்த்தை.

நான் போனபோது தைத்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறத்தில் நீளமான திரைத்துணி. என் கடிதம் மெஷின் பலகை மேல் விரித்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றேன்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாக்கா."

"அதுவும்?"

"அதுவும்தான்."

மெஷினை நிறுத்தினாள். "அன்னைக்கு நீ இங்க வந்தப்பவே உனக்குத் தெரியும்."

"லெட்டரப் பார்த்ததும் தெரிஞ்சுது."

"அவரு அங்கேருந்து பேசிட்டு இருந்தாரு. நான் கொறடு வெச்சுட்டு நின்னேன். நீ டீ குடிச்ச."

வேலை போகப்போகிறது என்று சொன்னால் அவள் கோபம் தணியும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே கேவலமாக இருந்தது. சொல்லவில்லை.

"பத்து மாசம்டி. எனக்குக் கை செத்துப் போச்சுன்னு நெனச்சேன். இந்தத் தொழில விட்டுடலாமான்னு நெனச்சேன். நூல் கோக்கறப்போ எல்லாம் விரலையே பார்த்துட்டு இருப்பேன். எந்த முகத்தோட எனக்கு இதத் தபால்ல அனுப்பின? இந்த வீட்டுக்கு வழி தெரியாதா உனக்கு?"

மாமா கூடத்திலிருந்து எழுந்து வந்தார். வாசற்படியில் நின்று அதே சிரிப்போடு, "சரி விடு. கம்பெனின்னா ஆயிரம் இருக்கும். அதான் தப்புன்னு எழுதிட்டாளே" என்றார்.

அக்கா கடிதத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "படிங்க."

"படிச்சுட்டேனே, காலையிலயே."

"சத்தமா படிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைத் தாழ்ந்த குரலில் படித்தார். அக்கா மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

"கேக்கல," என்றாள்.

அவர் குரலை உயர்த்தினார். அவள் காலை இன்னும் அழுத்தினாள். 'நீங்கள் மூடியைச் சரியாகத்தான் மூடினீர்கள்' என்ற இடத்தில் அவர் தடுமாறி, மறுபடி ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசி வரியை முடித்ததும் தாளை மடிக்கப் போனார்.

"இன்னொரு தடவை."

மறுபடி படித்தார், மெஷின் சத்தத்துக்கு மேல், கிட்டத்தட்டக் கத்திக்கொண்டு. திரைத்துணியின் ஓரம் ஊசியைத் தாண்டி நழுவித் தரையில் விழுந்தது. அக்கா காலை எடுக்கவில்லை. துணி இல்லாத வெறும் தகட்டின் மேல் ஊசி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, நூல் அடியில் சிக்கிக்கொண்டே போனது.