மேலே ஒன்று போகும்போது

வானத்தில் சத்தம் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கையில் சோறு இருந்தாலும் அப்படியே வாசலுக்கு ஓடிவிடுவேன். என்ன விமானம், எங்கே இறங்கப் போகிறது, ஹெலிகாப்டர் என்றால் யாருடையது என்று தெரிந்தால்தான் அடுத்த கவளம் உள்ளே இறங்கும். இந்தப் பைத்தியத்தால் இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிற்று. பிம்ப்ரியில் பெண் பார்க்கப் போனபோது, பெண் நமஸ்காரம் பண்ணக் குனிந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் வந்து தொலைத்தது. அவள் நிமிர்ந்தபோது நான் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்தேன். தேகு ரோட்டில் நடந்ததைச் சொல்லாமல் விடுகிறேன்.

மூன்றாவது இடத்துக்குக் கிளம்பும்போது அம்மா எங்கள் கசார்வாடி வீட்டு வாசலிலேயே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"டேய் வசந்தா, இன்னிக்கு மட்டும் நீ தலையைத் தூக்கி மேல பாத்தே, உனக்கு நான் பொண்ணு தேடறது இதோட முடிஞ்சுது. அப்புறம் நீயாச்சு, உன் ஏரோப்ளேனாச்சு."

"பாக்க மாட்டேம்மா, சலோ."

ரிக்ஷாவில் ஏறிய பிறகுதான் பெண் வீடு எங்கே என்று சொன்னாள். விஷ்ராந்த்வாடியாம். லோஹகாவ் விமான தளத்தின் ஓடுபாதை முடிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்! எங்கள் சிஞ்ச்வட் பட்டறைக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. என் வியாழக்கிழமைகளெல்லாம் அங்கே மதிலுக்கு வெளியே, புல்லில் நின்றே கழிந்துகொண்டிருந்தன. அந்த வருஷம், தொண்ணூற்றேழில், ருஷ்யாவிலிருந்து சுகோய் என்ற புதுப் போர் விமானம் வந்திருந்தது. நான் போகிற நாளெல்லாம் மழையும் மேகமுமாக இருந்ததால் பேப்பரில் படம் பார்த்ததோடு சரி. அன்றைக்கென்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக வந்தது.

பெண்ணின் அப்பா அருணாச்சலம் ராணுவ ஸ்டோரில் வேலை பார்ப்பவர். எங்களை உட்காரவைத்து, சிவ்டா மிக்சர் இருந்த தட்டை முன்னால் தள்ளிவிட்டு, "நமக்குப் பூர்வீகம் ஆரணி பக்கத்துல..." என்று ஆரம்பித்தார். வெளியே மிக் போர் விமானம் கிளம்பியது. ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு வாய் சிவ்டாவை நிதானமாக மென்றார். சத்தம் ஓய்ந்ததும், "ஒரு சின்ன ஊரு" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார். உள்ளே மகளிடம் பாத்திரம் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியும் அப்படித்தான், பாதியில் நிறுத்திப் பாதியில் தொடர்ந்தார். அந்த வீட்டுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகியிருந்தது.

நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடை தானாக ஆடியது. அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். டில்லி விமானம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர், தாழப் பறந்து போயிற்று. எனக்குப் பின்னாலேயே பால்கனி, கதவு திறந்தே கிடந்தது. எழுந்து ஓடிவிடாமல் இருக்க நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெண் அகல்யா காபி கொண்டுவந்தாள். அம்மா, "என்னம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"எம்.காம். முடிச்சேன். இப்ப ஒரு ஆபீஸ்ல..."

மறுபடியும் மிக். அது போனதும் அருணாச்சலம், "இந்த ஊர்ல காபிப்பொடி நல்லதாவே கிடைக்கறதில்லீங்க" என்றார். பேச்சு காபிக்குப் போய்விட்டது. அவள் எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. மீதி வார்த்தைகளை அவள் விழுங்கிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். தரையை விட்டு என் கண் நிமிர்ந்தது அப்போதுதான். எந்த ஆபீஸ் என்று கேட்க நினைத்தேன். கூச்சத்தில் கேட்காமல் விட்டேன்.

"தனியா பேசறதுன்னா பேசிக்கோங்க" என்று எங்களை உள் அறைக்கு அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"உங்க வீட்டு மேல ப்ளேன் போகுமா?"

"எப்பவாச்சும், ரொம்ப உசரத்துல. எங்களுக்குப் பக்கத்துல ரயில்தான்."

"ரயில் பரவால்ல." அவள் முகம் தெளிந்தது. "மத்லப், அதாவது, இந்த வீட்ல நான் ஒரு பேச்சையும் முழுசா பேசி முடிச்சது கெடையாது. ஆரம்பிச்சா மேல ஒண்ணு வரும். அது போனப்புறம் அப்பா அவர் பேச்சை விட்ட இடத்துலேர்ந்து பேசுவார். என்னோடத யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு இந்தச் சத்தமே நக்கோ, வேண்டவே வேண்டாம். அதான் கசார்வாடின்னதும் சரி, வரச் சொல்லுங்கன்னேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, ரொம்பவே பிடித்துவிட்டது. ஆனால் மறைத்துக் கட்டிக்கொண்டு, வியாழக்கிழமைதோறும் என்ன பொய் சொல்வது?

"ஒண்ணு சொல்லணும். லீவு நாள்ல நான் இங்கதான் வருவேன். உங்க வீட்டுக்குப் பின்னால, மதிலோரம் நிப்பேன். இதையெல்லாம் பாக்க."

"எதையெல்லாம்?" அவள் விரலால் மேலே காட்டினாள். "இதையா?"

"இதைத்தான். கல்யாணம் ஆனாலும் வருவேன், விட முடியாது. இப்ப சொல்லுங்க, உங்களுக்குச் சம்மதமா?"

அவள் என்னையே பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது அது கிளம்பியது.

மிக் இல்லை. நான் கேட்டே இராத சத்தம். தரை வழியாகக் காலில் ஏறியது. சுகோய்! ஜன்னல் என் வலது கைப்பக்கம், கழுத்தைத் திருப்பினால் போதும். ஆனால் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மற்ற நேரமெல்லாம் நிறுத்துகிறவள் இப்போது நிறுத்தவில்லை. கையை ஆட்டி ஆட்டி, கண்ணை உருட்டி, பேசிக்கொண்டே போனாள். ஒரு எழுத்துகூட எனக்குக் கேட்கவில்லை. நான் அவள் வாயையே பார்த்தேன். சீக்கிரம் போய்த் தொலையேன் சனியனே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விமானத்தைத் திட்டினேன்.

சத்தம் தேய்ந்தபோது அவள் பேசி முடித்திருந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஒண்ணுமே கேக்கல. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "இப்பப் போச்சே, அது புதுசு. நீங்க பாக்கலியா?"

"பாக்கல. நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னேன்."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"எல்லாத்தையும் சொன்னேன். ஏன் வேண்டாம், எதுக்கு வேண்டாம், எல்லாம்" என்றவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "முதல்லேர்ந்து சொல்லுன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இப்ப மறுபடி கேளுங்க."

போர் விமானங்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் கிளம்பும். ஓடுபாதையில் இரண்டாவது உறுமத் தொடங்கியிருந்தது. அது மேலே வருவதற்குள் கேட்டாக வேண்டும்.

"சம்மதமா?" என்று நான் கத்திய கத்தலில் கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று.

"சம்மதம்!" என்று அவளும் கத்தினாள். அதற்கப்புறம்தான் அது வந்தது.