இரண்டு வீட்டு அழைப்பிதழ்

சித்ரா ரப்பர் அச்சை மையில் ஒற்றி அட்டையில் வைத்து அழுத்தினாள். கணவனின் அண்ணன் ஜெயராமனுடைய மாடிவீடு, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பிசகாமல் விழுந்தது. அதே வீட்டை ஓர் ஒட்டுத்தாளிலும் அடித்து, வெட்டியெடுத்து, அட்டையிலிருந்த வீட்டின்மேல் மூடினாள். இனி தன் வீட்டு அச்சை அதன்மேல் அடித்துத் தாளை உரித்தால், அது அண்ணன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும். முதலில் விழுந்தவர் முன்னால், அடுத்து வந்தவர் தெரிந்தவரைக்கும். கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை கிடையாது.

ஐயப்பன்தாங்கலில் மாமனார் விட்டுப்போன மனை. தெருவைப் பார்த்து அண்ணன் கட்டினார், பின்பாதியில் தம்பி மோகன். ஒரே நாளில் புதுமனை புகுவிழா, ஒரே அழைப்பிதழ், அதுவும் சித்ராவின் கைவண்ணத்தில் என்று எல்லாம் பேசியாயிற்று. பின்வீட்டுக்காரர்கள் தெருவுக்கு எந்தப் பக்கமாகப் போவது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. அண்ணன் வீட்டை ஒட்டி ஒரு சந்து இருந்தது. போன வாரம் அதில் கார் ஷெட்டுக்குக் கம்பி வந்து இறங்கிவிட்டது.

"விசேஷம் முடியட்டும்மே, அண்ணங்கிட்ட நான் பேசுறேன்" என்றான் மோகன். அவன் பேசப்போகிற விஷயங்கள் கல்யாணமான நாளிலிருந்து வரிசையில் நிற்கின்றன. சித்ரா பூந்தமல்லிப் பாத்திரக்கடைக்காரர் மகள். விலை பேசுமுன் சரக்கை இறக்கவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். கை பாட்டுக்கு வேலை செய்ய, மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒட்டுத்தாளைக் கோட்டுக்கு உள்ளே மயிரிழை தள்ளி வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் வெளியே போய்விட்டது.

மாதிரி பார்க்க ஜெயராமனும் மனைவி கன்னியம்மாளும் வந்தபோதுதான் தாளை உரித்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று.

"இன்னா சித்ரா, நடுவுல வழி உட்ட மாரி கீது?" என்றாள் கன்னியம்மாள்.

அதைக் கேட்ட பிறகுதான் சித்ராவுக்கே உறைத்தது. மோகன் பதறிக்கொண்டு முந்தினான். "தாளப் பெருசா வெட்டிட்டா அண்ணி. வேற போட்டுருவா."

சித்ராவின் நாக்கு நுனிவரை மன்னிப்பு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். வாங்க வந்தவரே விலையை எடுத்து வைத்திருக்கிறார். இப்போது போய்க் குறைத்துக் கேட்பாளா? இன்னொரு அட்டையை எடுத்து அண்ணன் வீட்டை அடித்தாள். இந்த முறை கால் ஆடவில்லை. ஒட்டுத்தாளைக் கோட்டுக்கு வெளியே நன்றாகவே தள்ளி வெட்டினாள். மூடி, அடித்து, உரித்தாள்.

"இன்னும் அகலமா பூட்ச்சே!"

"இப்பதான்க்கா சரியா கீது. ஸ்கூட்டி போவணும்ல."

மோகன் மின்விசிறியைப் பார்த்தான். ஜெயராமன் சிரித்தார். "அட்டையில உட்டா தரையில உட்ட மாரியா, சித்ரா?"

"ஊர் ஜனமே பாக்கப் போவுது மாமா. பெரியவரு தம்பிக்கு எவ்ளோ தாராளமா வழி உட்டுக்கீறாருன்னு பேசிக்குவாங்க."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அட்டையைக் கிட்டே இழுத்து, அளப்பதுபோல் அந்த வெள்ளையின்மேல் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்தார்.

"ஈரம் மாமா" என்றாள் சித்ரா, கொஞ்சம் தாமதமாக.

விரலை எடுத்தார். அவர் வீட்டுப் பக்கச்சுவர் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. பரவியது.