லூங்காவும் லூங்கியும்

ஆராயிக்கு இந்தி தெரியும். தெரியும் என்றால், அவள் புருஷன் சுப்பையாவுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். பட்டான்கோட்டில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த இரண்டு வருஷத்தில், சந்தைக்குப் போய்வர வேண்டுமே என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். "மை ஆலு லூங்கா" என்றால் நான் உருளைக்கிழங்கு வாங்குவேன். "மை ஜல்தி ஆவூங்கா" என்றால் நான் சீக்கிரம் வருவேன். ஒன்று கடைக்குப் போக, மற்றது வீட்டுக்குத் திரும்ப. இதற்கு மேல் மனுஷனுக்கு என்ன பாஷை வேண்டும் என்பது ஹவில்தார் சுப்பையாவின் கட்சி. அவளை ஊருக்கு அனுப்பிய பிறகு, இரண்டாவது வாக்கியத்தை எல்லாக் கடிதத்தின் அடியிலும் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புவான்.

அந்த இந்தியில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. இந்தியில் ஆண் பேசினால் ஒரு மாதிரி முடியும், பெண் பேசினால் வேறு மாதிரி முடியும். வாங்குவேன் என்பதற்கு ஆண் 'லூங்கா' என்பான், பெண் 'லூங்கி' என்பாள். சுப்பையா இந்தி படித்தது பட்டாளத்துப் பாரக்கில். பாரக்கில் பொம்பளை ஏது? அவனுக்குக் 'கி' தேவைப்பட்டதே இல்லை. ஆகவே ஆராயிக்கும் அது வந்து சேரவில்லை. பட்டான்கோட் காய்கறிக்காரர் இரண்டு வருஷமும் அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரித்த முகம் அந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதில், கார்கில் சண்டையில் சுப்பையா போய்விட்டான். ஊருக்குப் பெட்டி வந்தது, கொடி வந்தது, பெரிய பெரிய கார்கள் வந்தன. எல்லாம் போன பிறகு ஒரு கடிதம் வந்தது. போரில் கணவனை இழந்தவர்களுக்கு டில்லியில் ஒரு விடுதி இருக்கிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், அம்மாக்களுக்கு ஒரு பிழைப்புக்கு வழி பண்ணுவார்கள் என்று. ஆராயி மகள் சிந்துவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

சிந்துவுக்கு ஏழு வயது. பெட்டி வந்த அன்றைக்கு வாயை மூடியவள் பிறகு திறக்கவே இல்லை. மந்திரித்துப் பார்த்தார்கள், மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை, தானாகப் பேசுவாள் என்றார் டாக்டர். எப்போது என்று அவர் சொல்லவில்லை.

டில்லிக்கு வந்த மூன்றாம் மாதம் ஒருநாள் விடுதி வாசலில் காய்கறித் தள்ளுவண்டி வந்து நின்றது. ஆராயி ஒரு காலிஃபிளவர் பூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பையா, மை கோபி லூங்கா" என்றாள். அண்ணே, நான் காலிஃபிளவர் வாங்குவேன்.

"லூங்கா இல்லம்மா. லூங்கி."

யார் பேசியது என்று ஆராயி அக்கம்பக்கம் பார்த்தாள். அப்புறம் கீழே பார்த்தாள்.

"என்னடி சொன்ன?"

"நீ லேடீஸ்தான? லேடீஸ்னா லூங்கி சொல்லணும். கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஒன்றும் நடக்காததுபோல ஆராயி சொன்னாள்: "லுங்கியா? அது உங்கப்பா கட்டுனதுடி. லுங்கி கட்டுறவுக லூங்கா சொல்லுவாகளாம், சேலை கட்டுற நான் லூங்கி சொல்லணுமாம். நல்லா இருக்கே உங்க இந்தி!"

சிந்து சிரித்தாள். ஒரு வருஷம் மூன்று மாதம் கழித்து வந்த சிரிப்பு. ஆராயி கையிலிருந்த காலிஃபிளவரைக் கீழே போட்டுவிட்டாள். அது சாக்கடை ஓரம் உருண்டுபோயிற்று. வண்டிக்காரர் வேறு பூ கொடுத்தார்.

அதன் பிறகு ஆராயி ஒழுங்காக 'கி' கற்றுக்கொண்டிருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. இன்னும் சத்தமாகக் 'கா' போட ஆரம்பித்தாள். "மை நஹாவூங்கா" என்று குளிக்கப் போவாள், "மை சோவூங்கா" என்று படுக்கப் போவாள். சிந்து ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டு திருத்துவாள். திருத்துவதற்காகவாவது பேசுவாள். பேசிப் பேசி, பிறகு மற்றதையும் பேசினாள்.

விடுதிக்குச் செவ்வாயும் வெள்ளியும் இந்தி சொல்லிக்கொடுக்க வந்தவள் வைதேஹி. அண்டர் செக்ரெட்டரி கஸ்தூரிரங்கனின் மனைவி. ஸ்ரீரங்கத்தில் எட்டுப் பரீட்சை எழுதித் தேறிய இந்தி அவளுடையது. ஆட்டோக்காரரிடம் "க்ருபயா கிஞ்சித் மந்தகதியில் செல்லுங்கள்" என்கிற தோரணையில் இந்தி பேசுவாள். அவர் இன்னும் வேகமாக ஓட்டுவார். அவளுடைய இந்தி வாத்தியார்களுக்குப் புரியும், ஆராயியின் இந்தி வண்டிக்காரர்களுக்குப் புரியும். இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனால் பேரம் பேசுவது ஆராயிதான்.

"இப்படியே பேசிண்டிருந்தியானா ரேஷன் கார்டுல ஒன்னை ஆம்பளைன்னு எழுதிடப் போறான்" என்பாள் வைதேஹி.

"எழுதட்டும் மாமி. வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கான்னு தெரிஞ்சா, கதவத் தட்டுறவன் யோசிச்சுத் தட்டுவான்."

"நன்னா பேசு. எங்கே, நான் செய்வேன்னு சொல்லு. மை கரூங்கி."

"மை கரூங்கா."

"வேணும்னே பண்றே!"

வேண்டுமென்றேதான். சிந்து சிரிப்பது ஒரு காரணம். இன்னொன்றை ஆராயி யாரிடமும் சொன்னதில்லை. சுப்பையா விட்டுப்போனதில் டிரங்குப் பெட்டிக்குள் வைக்க முடியாதது அந்தக் 'கா' ஒன்றுதான். அதை வாயில்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஜனவரியில் அந்த நல்ல செய்தி வந்தது. விடுதியிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பால் பூத். டோக்கன் போட்டால் மெஷினில் பால் வரும். பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை. அதை ஆராயிக்கு ஒதுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். நேர்காணல் ஒன்று உண்டு. பூத்தை அவளே நடத்துவாளா, அவள் சார்பில் உறவுக்காரர் நடத்துவாரா என்று அன்றைக்கே எழுதிவிடுவார்கள். எழுதினால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. யார் பெயரை எழுதுகிறார்களோ அவருக்குத்தான் அந்த அறை. விடுதியிலோ மார்ச்சோடு அவள் தவணை முடிகிறது.

உறவுக்காரர் என்றதும் ஊரில் ஒருவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவன் பெயரே மூக்கன். சுப்பையாவின் தம்பி. அரைக்கைச் சட்டையும் வேட்டியுமாக ஜனவரி மாதத்து டில்லியில் வந்து இறங்கினான். மதராசி கேம்பில் ஊர்க்காரர் ஒருவர் குடிசையில் தங்கி, அவர் கொடுத்த குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க விடுதிக்கு வந்து உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை. அண்ணன் பெட்டியை முன்னால் நின்று தோளில் சுமந்தவன். அண்ணன் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்று உண்மையாகவே நினைத்தான். அப்படியே தனக்கும் ஒரு கடை அமைந்தால் நல்லதுதானே என்றும் நினைத்தான்.

"மதினி, காலங்காத்தால நாலரைக்குப் பால் லாரி வரும்ங்கிறாக. இந்தக் குளிருல பொம்பள எந்திரிக்க முடியுமா? நான் பாத்துக்கிறேன். நீங்க புள்ளயக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போங்க."

"நீங்க எந்திரிப்பீகளாக்கும் தம்பி? ஊருல முதுகுல வெயில் சுட்டாத்தான் பாயச் சுருட்டுவீக."

"அது ஊரு. இது உத்தியோகம்ல?"

"இந்திக்கு என்ன செய்வீக?"

"என்ன பெரிய இந்தி. தூத், பானி, அச்சா. மூணு வார்த்தை போதாதா?"

தூத் என்றால் பால், பானி என்றால் தண்ணீர், அச்சா என்றால் சரி. மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சிந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பால் கடையில நின்னுக்கிட்டுப் பானின்னா அடிக்க வருவாங்க, சித்தப்பா."

எல்லோரும் சிரித்தார்கள், மூக்கன் உட்பட. ஆனால் அவன் போன பிறகு சிந்து, "ஊருக்கா போறோம்?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு அன்றைக்கு முழுக்க வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில், "மை நஹாவூங்கா" என்று ஆராயி சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். திருத்த ஆள் இல்லை.

ஆராயி நேராக வைதேஹியிடம் போனாள். "மாமி, அந்தக் 'கி'யச் சொல்லிக்குடுங்க."

வைதேஹி விட்டாளா? ஆறு மாதக் கோபத்தையும் ஒரு வாரத்தில் தீர்த்துக்கொண்டாள். கரூங்கி, நடத்துவேன் என்கிற சலாவூங்கி, எழுந்திருப்பேன் என்கிற உட்டூங்கி என்று ஆராயி பஸ்ஸிலும் முணுமுணுத்தாள். "சஞ்சாலக்னா நடத்தறவா. இதையும் நெட்டுரு போட்டுக்கோ" என்றாள் வைதேஹி. யார் சொல்லப்போகிறார்கள் இந்தப் பரீட்சை வார்த்தையை என்று ஆராயி நினைத்தாலும் போட்டுக்கொண்டாள்.

நேர்காணல் அன்றைக்கு எலும்புக்குள் இறங்குகிற குளிர். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். பக்கத்தில், மஃப்ளர் சுற்றிய தலையைப் பதிவேட்டிலிருந்து நிமிர்த்தாத ஒரு கிளார்க். ஆராயிக்குப் பின்னால் மூக்கன் குல்லாயோடு நின்றான். கதவோரம் வைதேஹியும் சிந்துவும்.

"பூத் கோன் சலாயேகா?" என்று கேட்டார் கர்னல். பூத்தை யார் நடத்துவது?

குளிரில் ஆராயிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாரமாகப் போட்ட நெட்டுரு எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. பட்டான்கோட்தான் கைகொடுக்க ஓடி வந்தது.

"மை சலாவூங்கா."

நானே நடத்துவேன் என்றுதான் சொன்னாள். ஆனால் கரகரத்த குரல், முடிவில் 'கா' வேறு. யாரோ ஆண்பிள்ளை பேசுகிறான் என்று நினைத்த கிளார்க், குனிந்தபடியே, "நாம்?" என்றார். பெயர் என்ன என்று அர்த்தம். மூக்கனுக்குத் தெரிந்த நாலாவது வார்த்தை அது. கேம்பில் எல்லோரும் அவனிடம் அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

"மூக்கன்!" என்றான், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல.

கிளார்க் எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்தார்: "சஞ்சாலக், மூக்கன்."

நெட்டுரு போட்டதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் ஓடிப்போகாமல் இருந்தது. "நஹீ ஸாப்!" என்று ஆராயி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "மை! மை போலா!" நான்தான் சொன்னேன்.

கிளார்க் முதல்முறையாக நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், குல்லாயைப் பார்த்தார். சலாவூங்கா என்று காதில் விழுந்ததே என்று முறையிட்டார். கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "சரியாகச் சொல்லும்மா" என்று இந்தியில் பொறுமையாகக் கேட்டார். "கா யா கி?"

காவா, கியா?

கதவோரம் சிந்து பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'கி' பக்கம் அவள் இருந்தாள், பள்ளிக்கூடம் இருந்தது, பால் பூத்துக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. 'கா' பக்கம் மூக்கன் மட்டும் நின்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அங்கே சுப்பையாவும் நின்றான். இங்கேயே செத்த நில்லுங்க, வந்துர்றேன் என்று மனசுக்குள் அவனிடம் சொல்லிவிட்டு, ஆராயி வாயைத் திறந்தாள்.

"கி, ஸாப். மை சலாவூங்கி."

"பிறகு ஏன் முதலில் கா?"

"மேரா ஆத்மி சிகாயா." என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது.

கர்னல் முன்னாலிருந்த காகிதத்தில் சுப்பையாவின் பெயரையும் ரெஜிமென்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளார்க்கிடம், அதை அடித்துவிட்டு 'சுயமாக' என்று எழுதச் சொன்னார்.

"என்ன மதினி, என் பேர அடிச்சுட்டாக?" என்றான் மூக்கன் வெளியே வந்ததும்.

"உங்களுக்குக் குளிர் அடிக்கும்னு அவுக அடிச்சுட்டாக தம்பி."

மூக்கன் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "உள்ளதச் சொல்லவா? நாலரை மணின்னதுமே எனக்கு ஊரு வெயிலு ஞாபகம் வந்துருச்சு" என்றான். அன்றைக்குச் சாயங்காலமே ரயிலேறினான். குல்லாயைக் கழற்றாமல்தான் போனான்.

பஸ்ஸில் வைதேஹி, சொல்லிக்கொடுத்த பெருமையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். சிந்து மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னடி? அதான் ஊருக்குப் போகலயே."

"இனிமே நீ கா சொல்ல மாட்டியா?"

"தப்பு தப்புன்னு நீதானடி சொன்ன?"

"தப்புதான்." சிந்து ஜன்னல் கம்பியிடம் சொன்னாள். "ஆனா அப்பா அப்படித்தான சொல்லுவாங்க."

பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. ஆராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வைதேஹி கைக்குட்டையை நீட்டினாள். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

"பூத்துல கி" என்றாள் ஆராயி கடைசியில். "வீட்டுல கா. சம்மதமா?"

"வண்டிக்காரர்கிட்ட?"

"ஆலு வாங்குனா கா. அது உங்கப்பா சொல்லிக்குடுத்த ஆலு. கோபி வாங்குனா கி. அது நீ சொல்லிக்குடுத்தது."

சிந்து யோசித்துப் பார்த்து, அச்சா என்றாள்.

ஏப்ரலில் பூத்துக்கு முதல் கடிதம் வந்தது. மூக்கன் போட்ட கார்டு. கொழுந்தன் கடைசியில் பாடம் கற்றுக்கொண்டிருந்தான்: டில்லியில் காரியம் ஆக வேண்டுமானால் 'கி' போட வேண்டும். குளிர் முடிந்துவிட்டதா, சிந்துவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றெல்லாம் எழுதி, அண்ணன் எழுதுவதைப்போலவே அடியில் கொட்டை எழுத்தில் முடித்திருந்தான்: "மை ஜல்தி ஆவூங்கி."

சிந்து பூத்தின் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் நின்ற சர்தார்ஜி என்னவென்று கேட்டார். ஆராயி பதில் சொல்லாமல், சிந்துவின் பென்சிலை வாங்கி, அந்தக் 'கி'யை அடித்துக் 'கா' ஆக்கினாள். கார்டை மெஷினுக்கு மேலே, பார்வை படுகிற இடத்தில் செருகினாள்.

"ஏக் லிட்டர் தேத்தி ஹூன், பையா." ஒரு லிட்டர் தருகிறேன் என்று, பெண் சொல்கிற மாதிரியே சொல்லி டோக்கனை வாங்கினாள்.