கிளட்சைக் கருக்கியவர்

வெண்ணந்தூர்த் தறிக்கூடத்தில் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தப் பேச்சு ஸ்ரீதேவியின் காதில் விழுந்துவிட்டது. பக்கத்துத் தறி ராஜம்மாள்தான் கத்திச் சொன்னாள்.

"உங்கூட்டுக்காரரு மூணாவது கிளட்சையும் கருக்கிப் போட்டாராமா? இனி எவனும் அவுரு கையில ஸ்டீரிங்கைக் குடுக்க மாட்டான்னு பேசிக்கறாங்க புள்ள!"

ஸ்ரீதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் அர்த்தநாரி மீசை முளைத்த நாள் முதல் லாரி ஓட்டுகிறவர். டிரைவருக்கு இருப்பதே ஒரு பேர்தான். அதையும் கெடுத்துவிட்டால் எங்கே போய் வேலை கேட்பது? தறியை நிறுத்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரி மெக்கானிக் கைலாசத்தின் பட்டறைக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

அர்த்தநாரி ஓட்டும் டிப்பர் லாரி கல் லோடோடு நின்றிருந்தது. கைலாசம் புதுக் கிளட்சை மாட்டி முடித்திருந்தார். லாரி முதலாளி முருகானந்தம் ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தார்.

"பெடலு மேல காலை வெச்சுட்டுத் தூங்குனா கிளட்சு கருகாம பூக்குமா?"

அர்த்தநாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வம்பு வந்த வழி எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் கிடைத்ததென்று பெரிய சைஸ் டயர்களை மாட்டியவர் முதலாளி. மற்ற வண்டிகளைவிடத் தன் வண்டி உயரமாக நிற்கிறதென்று ஒரே பெருமை. டயர் பெரிசானால் இழுவை குறையும். ஏற்றத்தில் லோடோடு கிளம்புவதற்குள் கிளட்ச் அரைபட்டுப் போகும். பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியனை, அந்தப் பல்சக்கர ஜோடியை, டயருக்குத் தகுந்தாற்போல் மாற்றினால் தீர்ந்தது. கைலாசம் சொன்னார், அர்த்தநாரி சொன்னார். யார் கேட்டது?

ஸ்ரீதேவி முதலாளிக்கு எதிரே போய் நின்றாள். "ஏனுங்கண்ணா, நீங்களும் டிரைவரா இருந்தவருதானுங்க? எதுத்தாப்புல கரட்டு ஏத்தம் இருக்குது. நீங்களே ஓட்டிக் காட்டுங்க பாக்கலாம்."

"பொம்பளை வந்து பேசற எடமா அம்மிணி இது?"

"பேச்சு தறிக்கூடம் வரைக்கும் வந்துருச்சு. நான் இங்க வரக்கூடாதா?"

கைலாசம் சிரித்துவிட்டார். "ஞாயந்தானுங்களே. ஏறுங்க மொதலாளி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முருகானந்தம் ஏறினார். பாதி ஏற்றத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வர, வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி கிளப்பினார். இன்ஜின் அலறியது, வண்டி உதறியது, அடியிலிருந்து கருகல் நெடியோடு புகை கிளம்பியது. கைலாசம் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல்லை அண்டைகொடுத்தார்.

இறங்கி வந்த முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் அப்பவே நெனச்சனப்பா, கிரவுன் பினியனை மாத்தோணும்னு. இந்த அர்த்தநாரிதான் வெவரமாச் சொல்லல."

ஸ்ரீதேவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இப்படியும் ஒரு மனுஷனா!

"உட்ரு புள்ள, மாத்தறேங்கறாரல்ல" என்றார் அர்த்தநாரி.

"நீங்க சும்மா இருங்க!" அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "பழியைப் பட்டறையில வெச்சுத்தான் போட்டீங்க. இல்லைங்கறதையும் இங்கயே சொல்லுங்க."

முருகானந்தம் வாய்க்குள் ஏதோ முனகினார்.

"தறிச் சத்தத்துல காது மந்தமாப் போச்சுங்க. கொஞ்சம் சத்தமா."

"அர்த்தநாரி மேல தப்பில்ல! போதுமா?"

டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அர்த்தநாரி கட்டியிருந்த கையைப் பிரித்தார். "அதுதானுங்க ஓணும். கிரவுன் மாத்துனதுக்கப்பறம் வேற டிரைவரைப் பாத்துக்கங்க. நான் வாரேன்."

முதலாளி பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். ஸ்ரீதேவிக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும் வரை அவள் வாய் ஓயவில்லை.

"இந்த ரோசத்தை மொதக் கிளட்சுக்கே காட்டியிருந்தா என்னவாமா?"