ஆறாவது வால்வு

டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரை பங்களாவில் நான் சமையல்காரன். புதிதாக வந்த துரைசாணிக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தாறாம் வருஷம் பங்களா முழுவதையும் சூடாக்க ஏற்பாடு நடந்தது. சமையலறைக்குப் பின்னால் விறகு பொய்லர். அதில் காயும் தண்ணீர் குழாய் வழியாக ஐந்து அறைகளிலும் உள்ள இரும்புப் பெட்டிகளுக்குப் போய்ச் சுற்றித் திரும்பும். பெட்டிக்கு ஒரு பித்தளை வால்வு.

குழாய் வேலை செய்தவர் அட்டன் டவுனிலிருந்து வந்த பக்கீர் நானா. ஐந்து வால்வையும் சேர்த்து மூடிவிட்டால் கொதிநீருக்குப் போக வழியிருக்காது, பொய்லர் வெடித்துவிடும் என்று, தாழ்வாரத்துச் சுவரோரம் தனியாக ஒரு பைபாஸ் குழாய் போட்டு மேல்தொட்டியில் விட்டார். ஓட்டத்தை அளவாக வைக்க அதிலும் ஒரு வால்வு. அளவு வைத்ததும், வேறு யாரும் திருப்பிவிடாதபடி கைப்பிடியைக் கழற்றப் போனார். துரைசாணி விடவில்லை. மொட்டைக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அழகாக இல்லையாம். மற்ற ஐந்தையும் போலவே இதற்கும் பித்தளைப் பிடி வேண்டுமாம். அழகு! அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

“இதத் தொடவே வாணாம் தம்பி. எப்பவும் தொறந்தே இருக்கோணும்,” என்று பொய்லர் பார்க்கும் வீரய்யாவிடம் சொன்னார் நானா.

“நாந்தானே இருக்கேன் நானா, வேற யாரு தொடப் போறா?” என்றான் அவன்.

வீரய்யாவின் பெண்சாதி நாகலெட்சுமி கொழுந்து எடுப்பவள். முதல் பிள்ளை மலையிலேயே கலைந்து போனது. இரண்டாவது வயிற்றில் தங்கியதும், கூடை சுமந்தால் இதுவும் தங்காது என்று வீரய்யா துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி, வீடு கூட்டும் வேலைக்கு அவளைப் பங்களாவுக்குள் கொண்டுவந்தான். இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

நானும் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, லயத்தில் பிறந்தவன்தான். லயம் முழுவதற்கும் ஒரே குழாய். திறந்து போட்டுவிட்டுப் போனால் அடுத்தவள் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசுவாள். நடக்கப் பழகும் பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதே குழாயை மூடத்தான்.

அன்று துரையும் துரைசாணியும் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது வீடு சூடாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. வீரய்யா பொய்லரில் விறகை அடுக்கி எரியவிட்டு, மேலும் பிளக்கப் போனான். லெட்சுமி அறை அறையாகக் கூட்டினாள். ஆளில்லாத அறையில் சூடு எதற்கு, அவர்கள் வரும் நேரத்தில் திறந்தால் போதும் என்று வால்வுகளை மூடிக்கொண்டே வந்தாள். தாழ்வாரத்தில் இன்னொன்று திறந்து கிடந்தது. அதையும் இறுக்கி மூடினாள்.

நான் காய்கறித் தோட்டத்தில் கறிக்குக் கோவா வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தால் பின்சுவரையே காணோம். விறகோடு திரும்பி வந்த வீரய்யா செங்கலுக்கு அடியில் வெந்து கிடந்தான். லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு துரை எங்களை இடிந்த சுவரருகே நிறுத்தி, வால்வுகளை யார் மூடியது என்று கேட்டார். சொல்லிவிடாதே என்று நான் லெட்சுமிக்குக் கண்ணைக் காட்டினேன். செத்தவன் தலையில் பழி விழுந்துவிடுமோ என்று பதறிக்கொண்டு அவளே முன்னால் வந்தாள்.

“நாந்தாங்க தொரை. ஒண்ணு விடாம மூடிட்டேனுங்க. தாவாரத்துல இருந்ததையுந்தாங்க.”

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை ஏன் மூடக்கூடாது என்று அவளுக்கு விளக்கிச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், பாவி மனுஷன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அவரு எங்கிட்ட சொல்லலியேண்ணே.”

 

பிள்ளை நின்றது. பெண் பிள்ளை. லெட்சுமி மறுபடியும் கொழுந்தெடுக்க மலைக்கே போனாள்.

இப்போதெல்லாம் லயத்துக் குழாயில் குடம் நிறைந்ததும் அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுகிறாள். குழாயை மூடுவதில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வாய்க்குப் பேர்போன பேச்சியம்மா அடுத்த குடத்தோடு நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. லெட்சுமி தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் குழாயை மூடுகிறாள்.